ஜியோஜாங்கோவில் குளம் தேடினால் கடல் வருகிறது: ஏன், எப்படிச் சரிசெய்வது

கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, தாமிரபரணிப் பாசனக் குளங்களையும் மடைகளையும் தேடிப் பார்க்க ஜியோஜாங்கோவில் (பைத்தானின் ஜாங்கோவோடு வரும் வரைபடக் கருவி) ஒரு தளம் செய்கிறேன். தரவுத்தளம், இடத்தரவுகளை வைக்கும் போஸ்ட்ஜிஐஎஸ். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் 5 கி.மீ.க்குள் இருக்கும் குளங்கள் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. எஸ்ஆர்ஐடியை (எண்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டவை என்று சொல்லும் குறியீடு) 4326, அதாவது டிகிரிக் கணக்கு, என்று மாற்றினேன், அப்போதும் வரவில்லை, வரைபடமும் காலியாகிவிட்டது. மடை டேபிளில் நேர் எதிர்: எங்கே தொட்டாலும் எல்லா மடையும் வருகிறது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே உள்ள குளங்களுக்குத் தனி ஷேப்ஃபைல் (வரைபட உருவங்கள் உள்ள கோப்பு) கிடைத்தது, அதை ஏற்றினால் அரபிக்கடலில் போய் விழுகிறது. டிரான்ஸ்ஃபார்ம் செய்வதில், அதாவது ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில், பிழை என்று தெரிகிறது. எங்கே?"

ஒரு பிழை இல்லை, பல இருக்கின்றன. குளம், மடை, கிழக்குக் கோப்பு மூன்றிலும் உள்ளவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கிளப்பிவிட்டதால்தான் தலை சுற்றுகிறது. குவெரியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டேபிளில் உள்ள எண்களை முதலில் கண்ணால் பாருங்கள். எஸ்டி_ஏஎஸ்இடபிள்யூகேடி என்ற ஃபங்ஷனை நாலைந்து வரிகளுக்கு ஓட்டினால் எஸ்ஆர்ஐடியும் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

எண்களைப் பார்த்தே அவை எந்தக் கணக்கில் எழுதப்பட்டவை என்று சொல்லிவிட முடியும். நெல்லையப்பர் கோயில் பக்கம் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: தீர்க்கரேகை 77.69, அட்சரேகை 8.73. 4326இல் அது 77.69, 8.73 என்றே இருக்கும். அதே புள்ளி, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43ஆவது மண்டலத்தில், அதாவது 32643இல், ஏறத்தாழ 7,96,000, 9,66,000 என்று மீட்டரில் இருக்கும். 44ஆவது மண்டலத்தில், 32644இல், 1,35,700, 9,66,600. கூகுள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஓடுகளுக்கு (வரைபடம் துண்டு துண்டாக வரும் படங்கள்) அடியில் இருக்கும் 3857இல் 86,48,000, 9,75,600. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். நம்ம பகுதித் தரவு எதைத் திறந்தாலும் முதல் எண் எழுபத்தேழா, ஏழு எட்டு லட்சமா, ஒரு லட்சத்துச் சொச்சமா, எண்பத்தாறு லட்சமா என்று பார்த்தால் போதும். எஸ்ஆர்ஐடி என்று ஃபீல்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது யாரோ எழுதியது, எண்தான் சாட்சி.

உங்கள் குளம் டேபிளில் எண்கள் ஏழு லட்சத்தில் இருக்கின்றன, ஆனால் எஸ்ஆர்ஐடி 4326 என்று காட்டுகிறது. நீங்கள் ஓட்டியது அப்டேட்ஜியாமெட்ரிஎஸ்ஆர்ஐடி. அது எண்ணைத் தொடாது, மேலே உள்ள பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடியும் அப்படியே. கோட்டைக் கணக்கில் அளந்த நெல்லுக்குக் கிலோ என்று சீட்டு ஒட்டினால் நெல் கூடுமா, குறையுமா? எண்ணை உண்மையிலேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் கொண்டுபோவது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் ஒன்றுதான். அதற்கும் தொடக்கச் சீட்டு சரியாக இருந்தாக வேண்டும். இப்போது உங்கள் டேபிளில் டிரான்ஸ்ஃபார்ம் ஓட்டினால் ஏழு லட்சத்தை டிகிரி என்று எடுத்துக்கொண்டு, அட்சரேகை எல்லை மீறிவிட்டது என்ற ரீதியில் ஒரு பிழையைத் தரும். பிழை வந்தால் அதிர்ஷ்டம். சில சேர்க்கைகளில் சத்தமே இல்லாமல் முடிவிலி எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும், வரைபடம் காலியாக நிற்கும்.

திருத்தம் இப்படி: முதலில் சீட்டைப் பழையபடி 32643 ஆக்குங்கள். அப்புறம் ஆல்டர் டேபிளில் அந்த நெடுவரிசையின் வகையை ஜியாமெட்ரி, 4326 என்று மாற்றும்போதே, யூசிங் பகுதியில் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் எழுதுங்கள். எண்ணும் சீட்டும் ஒரே அடியில் மாறும். மாடலில் எஸ்ஆர்ஐடியை மட்டும் மாற்றி மேக்மைகிரேஷன்ஸ் (டேபிள் மாற்றங்களை எழுதித் தரும் ஜாங்கோ கட்டளை) ஓட்டி, ஜாங்கோ பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அது எண்களை உருமாற்றித் தராது. எஸ்க்யூஎல்லை நேராக ஓட்டும் ரன்எஸ்க்யூஎல் வைத்து மைகிரேஷனை நீங்களே எழுதி, மாடல் மாற்றத்தை ஸ்டேட் ஆபரேஷனாக அதனுள் கொடுங்கள். அடுத்த ஷேப்ஃபைலை ஏற்றும்போதும் இதே கவனம் வேண்டும். கோப்பை ஏற்றும் ஓஜிஆர்2ஓஜிஆர் கருவியில் ஏ_எஸ்ஆர்எஸ் என்பது சீட்டு ஒட்டுவது, டி_எஸ்ஆர்எஸ் என்பது உருமாற்றுவது. இரண்டும் ஓரெழுத்து வித்தியாசத்தில் இருப்பதால் நிறையப் பேர் வழுக்குவது அங்கேதான்.

சரி, சீட்டை மாற்றுவதற்கு முன்னாலேயே குளம் வரவில்லையே, அது ஏன்? அதற்குக் காரணம் டேபிளில் இல்லை, உங்கள் வியூவில் (தேடலைக் கையாளும் பைத்தான் பகுதி) இருக்கிறது. உலாவியில் வரைபடம் காட்டும் லீஃப்லெட்டிலிருந்து வரும் லாட் (அட்சரேகை), லாங் (தீர்க்கரேகை) இரண்டையும் எடுத்து பாயிண்ட் ஒன்று செய்கிறீர்கள். அதற்கு எஸ்ஆர்ஐடி கொடுக்கவில்லை. ஜியோஜாங்கோவின் வழக்கம் என்னவென்றால், தேடக் கொடுக்கும் புள்ளிக்கும் ஃபீல்டுக்கும் எஸ்ஆர்ஐடி வேறாக இருந்தால் தானே டிரான்ஸ்ஃபார்ம் சேர்த்து அனுப்பிவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் புள்ளிக்கு எஸ்ஆர்ஐடியே இல்லை என்றால், ஃபீல்டுக்கு என்ன உண்டோ அதுவே இதற்கும் என்று வைத்துக்கொள்ளும். உங்கள் ஃபீல்டு அப்போது 32643. ஆக 77.69 டிகிரி என்பது 77.69 மீட்டர் ஆகிவிட்டது. 43ஆவது மண்டலத்தின் நடுக்கோடான 75 டிகிரிக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்பு வைத்திருப்பதால், 77 மீட்டர் என்பது அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் மேற்கே, நிலநடுக்கோட்டின்மேல் வரும். கணக்குப் போட்டால் தீர்க்கரேகை 70.5 பக்கம், மாலத்தீவுக்கும் மேற்கே நடுக்கடல். அங்கிருந்து 5 கி.மீ.க்குள் குளம் தேடினால் போஸ்ட்ஜிஐஎஸ் நியாயமாகத்தான் கைவிரிக்கும். பிழைச்செய்தி வராததற்குக் காரணமும் இதுவே. வெறும் எஸ்க்யூஎல்லில் இதையே எழுதி, புள்ளிக்கு 4326 என்று போட்டிருந்தால் 'மிக்ஸ்டு எஸ்ஆர்ஐடி' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கும்.

அதே வரியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பாயிண்ட்டுக்கு நீங்கள் லாட்டை முதலிலும் லாங்கை அடுத்தும் கொடுத்திருக்கிறீர்கள். லீஃப்லெட் அந்த வரிசையில்தான் பேசும். ஜியோஜேசான், போஸ்ட்ஜிஐஎஸ், ஜியோஜாங்கோவின் பாயிண்ட் எல்லாம் எக்ஸ் முதலில், ஒய் அடுத்து, அதாவது தீர்க்கரேகை முதலில். இது இதுவரை உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், 77 மீட்டரையும் 8 மீட்டரையும் இடம் மாற்றினால் கடலுக்குள் எழுபது மீட்டர் அப்படி இப்படி நகரும், அவ்வளவுதான். எஸ்ஆர்ஐடியை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டீர்களானால், புள்ளி 8.73 தீர்க்கரேகை, 77.69 அட்சரேகைக்குப் போகும். அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் கடல். திரும்பவும் குளம் வராது, நீங்களும் எஸ்ஆர்ஐடி திருத்தம்தான் தப்பு என்று நினைத்து அதைப் பின்வாங்குவீர்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள்: எக்ஸ் என்பது லாங், ஒய் என்பது லாட், எஸ்ஆர்ஐடி 4326 என்று மூன்றையும் பெயர் சொல்லியே கொடுங்கள். பைத்தான் பக்கம் கணக்கு மாற்ற பைப்ராஜ் நூலகம் பயன்படுத்தும் வழக்கம் உண்டென்றால் அங்கே ஆல்வேஸ்_எக்ஸ்ஒய் போட மறக்காதீர்கள். 4326இன் அதிகாரபூர்வ வரையறையில் அட்சரேகைதான் முதலில் வரும், பைப்ராஜ் அந்த வரையறையை அப்படியே மதிக்கிறது.

மடை விஷயம் எளிது. அந்த டேபிள் செல்போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்த புள்ளிகள், 4326, எண்ணும் சீட்டும் சரியாகவே இருக்கின்றன. 'இத்தனை தூரத்துக்குள்' என்று தேடும் டி-விதின் லுக்அப்பில் முதலில் டி(எம்=5000), அதாவது 5000 மீட்டர், என்று எழுதியிருப்பீர்கள். டிகிரியில் இருக்கும் ஃபீல்டுக்கு டிகிரி எண்ணைத்தான் தர வேண்டும் என்று ஜாங்கோ வேல்யூஎரர் வீசியிருக்கும். எரிச்சலில் டியை எடுத்துவிட்டு 5000 என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். 5000 டிகிரி! உலகைச் சுற்றியே 360தான். மடை எல்லாம் வராமல் என்ன செய்யும்?

இதற்கு 0.045 டிகிரி என்று தோராயமாகப் போடச் சொல்பவர்கள் உண்டு. நம்ம அட்சரேகையில் அது ஓரளவு வேலையும் செய்யும். இங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை, ஒரு டிகிரி அட்சரேகை இரண்டுமே கிட்டத்தட்ட 110 கி.மீ. வருவதால் வட்டம் வட்டமாகவே இருக்கும். வடக்கே போகப் போக அது நீள்வட்டமாகிவிடும். எனக்கு அந்த வழி பிடிக்காது. மடை ஃபீல்டை ஜியாக்ரஃபி=ட்ரூ (தட்டையாக அல்லாமல் பூமியின் வளைவின்மேலேயே அளக்கும் வகை) என்று வைத்துவிடுங்கள். தூரமெல்லாம் மீட்டரில் வரும், டி(கேஎம்=5) பேசாமல் வேலை செய்யும், இண்டெக்ஸும் பயன்படும். 'இத்தனை தூரத்துக்குள்' என்ற கேள்விதான் உங்கள் தளத்தில் முக்கால்வாசி என்பதால் குளத்துக்கும் அதுவே பொருந்தும். ஜியாக்ரஃபி வகைக்கு உள்ள ஃபங்ஷன்கள் குறைவு. பலகோணங்களை வெட்டி ஒட்டும் வேலை வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஜியாமெட்ரியாக மாற்றி 32643க்குக் கொண்டுபோய்க்கொள்ளலாம்.

இனி கிழக்கே உள்ள குளங்கள். யூடிஎம் மண்டலம் ஒவ்வொன்றும் 6 டிகிரி அகலம். 43ஆவது 72இலிருந்து 78 வரை, 44ஆவது 78இலிருந்து 84 வரை. 78ஆவது தீர்க்கரேகை நம்ம சீமையில் எங்கே ஓடுகிறது தெரியுமா? ஸ்ரீவைகுண்டத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில். பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் 43. தூத்துக்குடி, திருச்செந்தூர், ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் எல்லாம் 44. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரியும் வடகாலும் தென்காலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் போய் முடிகின்றன. 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய பெரு முக்கோண அளவையின் முதுகெலும்பும் இதே 78ஆவது கோட்டை ஒட்டித்தான் வடக்கே ஏறியது. நம்மைச் சோதிப்பதற்கென்றே வந்த கோடு போலிருக்கிறது.

1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததால், மேற்கே வேலை செய்பவர்கள் 43ஐயும் கிழக்கே வேலை செய்பவர்கள் 44ஐயும் எடுப்பது இயல்பு. உங்களுக்கு வந்த இரண்டாவது ஷேப்ஃபைல் 44. எந்தக் கணக்கு என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு கூடவே வரவில்லை. ஜியோஜாங்கோவின் லேயர்மேப்பிங் கொண்டு ஏற்றியிருந்தால் மூல எஸ்ஆர்எஸ் இல்லை என்று நிறுத்தியிருக்கும். நீங்கள் எஸ்ஹெச்பி2பிஜிஎஸ்க்யூஎல்லில் முதல் கோப்புக்குப் போட்ட 32643ஐயே இதற்கும் போட்டுவிட்டீர்கள். மண்டலத்துக்குள் எண்கள் எல்லா மண்டலத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மண்டலம் மாறினால் புள்ளி அப்படியே 6 டிகிரி பக்கவாட்டில் தாவும். திருச்செந்தூர் 78.12இலிருந்து 72.12க்குப் போய்விடும். அது மினிக்காய் தீவையும் தாண்டி மேற்கே, அரபிக்கடல். நீங்கள் சொன்ன அடையாளம் இதோடு அச்சாகப் பொருந்துகிறது. நேர்மாறாக, நெல்லைப் பக்கத்து 43 தரவை 44 என்று ஏற்றினால் இலங்கையையும் தாண்டி வங்கக்கடலில் விழும். வடக்கு தெற்கில் பெரிதாக நகராமல் சரியாக 6 டிகிரி கிழக்கோ மேற்கோ ஓடியிருந்தால் மண்டலத்தைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

அந்த டேபிளுக்கு இப்போது செட்எஸ்ஆர்ஐடி போடுவது சரியான வேலை, ஏனென்றால் எண் சரி, சீட்டுதான் தப்பு. 32644 என்று ஒட்டி, உடனே 4326க்கு டிரான்ஸ்ஃபார்ம் செய்து, முதல் டேபிளோடு சேருங்கள். எல்லைக்கோட்டை ஒட்டிய குளங்கள் இரண்டு கோப்பிலும் இருக்க வாய்ப்புண்டு. கரை வரைந்தவர் வேறு என்பதால் உருவம் கொஞ்சம் மாறும், சமம் என்று ஒப்பிட்டால் அகப்படாது. எவ்வளவு பரப்பு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்று பார்த்துப் பெயரோடு ஒத்துப்பாருங்கள்.

3857இலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாமே, வரைபட ஓடுகளும் அதில்தானே இருக்கின்றன என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். 3857இன் மீட்டர், தரையில் உள்ள மீட்டர் இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான் கூடக் காட்டும், சோதனையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். டெல்லியில் அது சுமார் 14 சதவீதம். பரப்பென்றால் இங்கேயே தெரிய ஆரம்பிக்கும்: 100 ஏக்கர் குளம் 103 ஏக்கர் என்று வரும். வரைபடத்தில் காட்ட மட்டும் 3857, அதுவும் லீஃப்லெட் தானே செய்துகொள்ளும். ஓப்பன்லேயர்ஸுக்கு மாறினால் மட்டும் கவனம். அங்கே தொட்ட இடத்தின் கோஆர்டினேட் வழக்கமாக 3857இலேயே வரும், முதல் எண் எண்பத்தாறு லட்சத்தில் இருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி. குவெரியில் நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் டேபிளின் நெடுவரிசையை டிரான்ஸ்ஃபார்ம் செய்து எழுதினால், இடத்தேடலை வேகமாக்கும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் பயன்படாது, ஒவ்வொரு குளத்தையும் உருமாற்றிப் பார்க்கும். கேட்கும் புள்ளியை உருமாற்றுங்கள், நெடுவரிசையைத் தொடாதீர்கள். ஜியாமெட்ரியைக் குவெரிக்குள்ளேயே ஜியாக்ரஃபி ஆக்கினாலும் இதே கதை, அதற்கெனத் தனி இண்டெக்ஸ் போட்டிருந்தால் ஒழிய. எக்ஸ்ப்ளெயின் ஓட்டினால் தெரிந்துவிடும்.

பழைய டோப்போஷீட்டிலிருந்து (நில அளவை வரைபடத் தாள்) கால்வாய்களை வரைந்து சேர்க்கப் போவதாகவும் சொன்னீர்கள். அவை பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்திருந்த எவரெஸ்ட் நீள்வட்டத்தின்மேல் அளக்கப்பட்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள்தான் 4326க்கு அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாளின் டிகிரியை 4326 என்று அப்படியே ஏற்றினால் கால்வாய் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஓடும். கடலில் விழாது, வயலில்தான் விழும், அதனால் இதைக் கண்டுபிடிப்பது மற்ற எல்லாவற்றையும்விடச் சிரமம். எவரெஸ்ட்டை வைத்த கலியான்பூர் 1975 கணக்கின் யூடிஎம் 43க்கு 24343, 44க்கு 24344 என்று எண்கள் உண்டு. எந்தத் தாளுக்கு எந்தக் கலியான்பூர் என்பதைத் தாளின் ஓரக் குறிப்பில் பார்த்து எடுங்கள். பைத்தானில் செய்யும் டிரான்ஸ்ஃபார்ம் உங்கள் மெஷினில் உள்ள ஜிடால் நூலகம் வழியாகவும், எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் தரவுத்தள சர்வரில் உள்ள ப்ராஜ் நூலகம் வழியாகவும் ஓடுகின்றன. பதிப்பு வேறு என்றால் இந்த மாதிரி டேட்டம் (அளவைக்கு அடிப்படையாக வைத்த பூமி மாதிரி) மாற்றத்தில் விடையும் வேறாகலாம். எவரெஸ்ட் தரவை எல்லாம் ஒரே இடத்தில் உருமாற்றுங்கள். பிறகு அணைக்கட்டு, பாலம் என்று நகராத இரண்டு மூன்றைச் செயற்கைக்கோள் படத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, குளத்தின் பரப்புக்கு எந்த எஸ்ஆர்ஐடி என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் 32643 ஒன்றையே வைத்துக்கொள்ளலாம், திருச்செந்தூர் வரை. மண்டல எல்லையைக் கொஞ்சம் தாண்டுவதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் கூடும். பரப்பில் பாளையங்கோட்டைப் பக்கம் 0.14 சதவீதம் கூடுதலாக வரும், அதாவது 100 ஏக்கருக்கு 14 சென்ட். பாசனக் கணக்குக்கு இது போதும். ஆக்கிரமிப்பு வழக்குக்கோ பட்டாவுக்கோ அந்த எண் போகும் என்றால் 14 சென்ட் சின்ன விஷயம் இல்லை. அங்கே ஜியாக்ரஃபியின்மேல் எஸ்டி_ஏரியா ஓட்டி எடுத்த எண்ணைக் கொடுங்கள், அது நீள்வட்டத்தின்மேலேயே கணக்கிடும்.